நட்சத்திரக் குறிக்குக் கீழே

ஷாம்பு விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பதை எல்லோரும் படிக்கிறார்கள். முடி உதிர்வு இத்தனை சதவீதம் குறையும் என்று அது சொல்லும். அந்தச் சதவீதத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். அதைத் தேடிக்கொண்டு புட்டியின் பின்பக்கத்துக்கோ தொலைக்காட்சித் திரையின் அடி ஓரத்துக்கோ போனால், கண்ணைச் சுருக்கிப் படிக்க வேண்டிய எழுத்தில் இன்னொரு வாக்கியம் கிடைக்கும். முடி உடைவதால் ஏற்படும் உதிர்வு மட்டுமே கணக்கில் கொள்ளப்பட்டது, கண்டிஷனர் சேராத ஷாம்புவோடு ஒப்பிட்டது, ஆய்வகத்தில் சோதித்தது. சொற்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், சாரம் மாறாது. உண்மை அந்தப் பொடி எழுத்தில்தான் இருக்கிறது என்பதால் அங்கிருந்தே தொடங்குவோம்.

சீப்பில் சிக்கிய முடி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு முனையில் நுண்ணிய வெள்ளைப் புள்ளி தெரிந்தால், அது ஆயுள் முடிந்து தோலிலிருந்து கழன்று வந்த முடி. புள்ளி இல்லை, நீளமும் குறைவு என்றால் அது நடுவில் ஒடிந்த முடி. வெள்ளைப் புள்ளியைப் பார்த்ததும் வேரோடு வந்துவிட்டதே என்று பலர் பதறிப்போகிறார்கள். அது வேர் அல்ல. முடி வளர்ந்து முடித்ததற்கு அடையாளமான ஒரு சிறு குமிழ். முடியை உருவாக்கும் மயிர்க்கால் தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது. அடுத்த முடிக்கான வேலையை அது தொடங்கியும் இருக்கலாம்.

ஒடிவதை ஷாம்புவால் குறைக்க முடியும். ஷாம்புவிலும் கண்டிஷனரிலும் சேர்க்கப்படும் சிலிகோன் வகைப் பொருள்கள் முடியின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து உராய்வைக் குறைக்கின்றன. சீப்பு வழுக்கிக்கொண்டு போகும், சிக்கு குறையும், நுனி வெடிப்பதும் குறையும். ஒரே நீளத்தில் கத்தரித்த முடிக்கற்றைகளை ஆயிரக்கணக்கான முறை சீவி, எத்தனை ஒடிந்தன என்று எண்ணி இதைச் சோதிக்கிறார்கள். அந்தச் சோதனையில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அந்தக் கற்றைகளுக்குத் தலை இல்லை, தோல் இல்லை, மயிர்க்கால் இல்லை. அங்கே கிடைத்த எண்ணை எடுத்து, கழன்று விழும் முடியைப் பார்த்துக் கலங்கி நிற்பவரிடம் காட்டும்போதுதான் தவறு நேர்கிறது. அவருடைய முடி ஒடியவில்லை. அவருக்கு அந்த எண்ணால் ஒரு பயனும் கிடையாது.

முடி வேகமாக வளர்கிறது என்று பலருக்குத் தோன்றுவதற்கும் இதே ஒடிதல்தான் காரணம். தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளர்கிறது. மேலே அந்த அளவு வளரும்போது கீழே நுனி அதே அளவு ஒடிந்துகொண்டிருந்தால், வருடக்கணக்கில் கூந்தல் தோளைத் தாண்டாது. ஒடிவது நின்றதும் நீளம் கூடும். வளரும் வேகம் முன்பு இருந்தபடியேதான் இருக்கிறது. வளர்ந்தது இப்போது மிஞ்சுகிறது. நல்ல கண்டிஷனர் ஒன்றுக்கு இந்தப் பெருமையைத் தாராளமாகக் கொடுக்கலாம். வளர்ச்சி என்ற பெயரில் கொடுக்கக் கூடாது.

வளர்ச்சி நடக்கும் இடம் வேறு. தோலின் மேற்பரப்பிலிருந்து சில மில்லிமீட்டர் ஆழத்தில், கொழுப்புத் திசுவை ஒட்டி, மயிர்க்காலின் அடிக்குமிழ் இருக்கிறது. நுண்ணிய ரத்தக்குழாய்கள் அங்கே வந்து உணவும் ஆக்சிஜனும் கொடுக்கின்றன. அங்குள்ள செல்கள் ஓயாமல் பிரிந்து, மேலே தள்ளப்பட்டு, கெராட்டின் நிறைந்து இறுகி, இறந்துபோய், முடியாக வெளியே வருகின்றன. நாம் பார்க்கும், பின்னிப் பூச்சூடும் கூந்தல் முழுவதும் உயிரற்ற பொருள். அதற்கு ஊட்டச்சத்து கொடுக்க முடியாது. வெட்டினால் வலிக்காத ஒன்று பசியாறவும் செய்யாது.

உடலிலேயே மிக வேகமாகப் பிரியும் செல்களில் அந்தக் குமிழின் செல்களும் சேர்த்தி. புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுப்பவர்களுக்கு முடி கொட்டுவது இதனால்தான். வேகமாகப் பிரியும் செல்களைத் தாக்கும் மருந்துக்குப் புற்றும் மயிர்க்காலும் வேறுவேறாகத் தெரிவதில்லை. ஏற்கெனவே உச்ச வேகத்தில் ஓடும் இந்தச் செல்களை, ஒரே வாரத்தில் ஒரு அங்குலம் வளர வைப்பதாகச் சிலர் சொல்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது இயல்பைப் போலப் பத்து மடங்கு. அப்படி ஒரு செயலைச் செய்யும் எந்தப் பொருளும் இன்றுவரை மருத்துவத்துக்குத் தெரியாது.

கூந்தலின் நீளத்தைத் தீர்மானிப்பது வேகத்தை விடக் காலம். ஒவ்வொரு மயிர்க்காலும் 2 முதல் 6 ஆண்டுகள் வளர்கிறது, இரண்டு மூன்று வாரங்களில் சுருங்குகிறது, இரண்டு மூன்று மாதங்கள் ஓய்வெடுக்கிறது, பிறகு பழைய முடியை உதிர்த்துவிட்டுப் புதிதாகத் தொடங்குகிறது. தலையில் சுமார் ஒரு லட்சம் மயிர்க்கால்கள் உண்டு. ஒவ்வொன்றும் தனித்தனிக் கணக்கில் இயங்குகிறது. அதனால்தான் நாளுக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்ந்தாலும் தலை வெறுமையாவதில்லை. வளர்பருவம் 3 ஆண்டு என்றால் முடி 36 செ.மீ. வரும், 6 ஆண்டு என்றால் 72 செ.மீ. வரும். அந்த ஆண்டுக்கணக்கு பெரும்பாலும் பரம்பரையில் எழுதப்பட்டது. பாட்டியின் முழங்கால் தொட்ட கூந்தலுக்குச் சீயக்காய்தான் காரணம் என்று நம்புகிறோம். சீயக்காயும் அரப்பும் நல்ல அழுக்கு நீக்கிகள். அவற்றில் உள்ள சபோனின் இயற்கையாகவே நுரைக்கும். ஆனால் அதே ஊரில் அதே சீயக்காயைத் தேய்த்துக் குளித்தும் முடி தோளோடு நின்றுபோன பெண்களும் இருந்தார்கள். அவர்களை யாரும் கதையாகச் சொல்வதில்லை.

இந்தப் பரம்பரைச் செல்வத்தைக் காட்டிச் சரக்கு விற்பது புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் நயாகரா பகுதியைச் சேர்ந்த சதர்லேண்ட் சகோதரிகள் ஏழு பேர் மேடையில் பாடினார்கள். பாட்டு முடிந்ததும் கூந்தலை அவிழ்த்துவிடுவார்கள்; ஏழு பேர் கூந்தலையும் சேர்த்தால் 37 அடி என்பது விளம்பரம். கூட்டம் அதற்குத்தான் வந்தது. அவர்கள் பெயரில் குடும்பம் விற்ற கூந்தல் தைலம் பெரும் செல்வத்தைக் கொண்டுவந்தது. உள்ளே இருந்தவை பெரும்பாலும் விட்ச் ஹேசல் என்ற செடியின் வடிநீரும் பே ரம் என்ற வாசனைத் திரவமும். ஏழு சகோதரிகளுக்கும் பொதுவாக இருந்தது ஒரே தாய் தகப்பன். வாங்கியவர்களுக்குக் கிடைத்தது புட்டி மட்டும். 1920களில் பெண்கள் முடியைக் கத்தரித்துக்கொள்ளும் நாகரிகம் வந்தபோதுதான் அந்த வியாபாரம் படுத்தது. சோதித்துப் பார்த்து மக்கள் கைவிட்டதாகச் சொல்ல வழியில்லை. நீண்ட கூந்தல் வேண்டாம் என்று ஆனதால் கைவிட்டார்கள்.

இனி, ஷாம்புவில் உண்மையிலேயே செயல்படும் பொருள் ஒன்று இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். அது மயிர்க்காலை அடைய வேண்டும். தோலின் மேலடுக்கு 20 மைக்ரோமீட்டர்கூட இல்லாத மெல்லிய சுவர். ஆனால் உறுதியான சுவர். மூலக்கூறு எடை 500 டால்டனைத் தாண்டினால் ஒரு பொருள் அதைக் கடப்பது மிகவும் கடினம் என்பது தோல் மருந்தியலில் வழக்கமான விதி. புட்டியில் பெருமையாகக் குறிப்பிடப்படும் கெராட்டினும் கொலாஜனும் இதைப் போலப் பல மடங்கு பெரியவை. சிறிய மூலக்கூறுகளுக்குக்கூட வேறு தடைகள் உண்டு. ஷாம்பு என்பது எண்ணெயையும் அழுக்கையும் பிடித்துக்கொண்டு தண்ணீரோடு போவதற்காகவே தயாரிக்கப்பட்டது. தலையில் அது இருப்பது ஓரிரண்டு நிமிடம். பிறகு சாக்கடையில்.

இந்த எதிர்ப்புக்கு நேராகப் பதில் சொல்ல முயன்றது ஆல்பெசின் என்ற ஜெர்மனியின் கஃபீன் ஷாம்பு. விளம்பரக்காரர்களின் கற்பனை மட்டுமல்லாமல், படித்துப் பார்க்கத்தக்க ஆய்வுகளும் அதன் பின்னால் இருந்தன. 2007இல் யேனா பல்கலைக்கழகத்தினர், வழுக்கை விழத் தொடங்கிய ஆண்களின் தலைத்தோலிலிருந்து எடுத்த மயிர்க்கால்களைக் கண்ணாடிக் கலத்தில் வளர்த்தார்கள். டெஸ்டோஸ்டிரோன் சேர்த்தபோது வளர்ச்சி தடைப்பட்டது. கஃபீன் சேர்த்தபோது அந்தத் தடை குறைந்தது. அதே ஆண்டில் பெர்லின் ஆய்வாளர்கள், கஃபீன் ஷாம்புவை 2 நிமிடம் மட்டும் வைத்திருந்து அலசிய பிறகும் கஃபீன் மயிர்க்கால் வழியாக உள்ளே போவதைக் காட்டினார்கள். கஃபீன் சிறிய மூலக்கூறு. அதன் எடை 194 டால்டன்தான். ஆக, உள்ளே போகிறது. கண்ணாடிக் கலத்தில் வேலையும் செய்கிறது. பிறகென்ன தடை?

கலத்தில் இருந்த மயிர்க்கால் நாட்கணக்கில் கஃபீனில் ஊறிக்கொண்டிருந்தது. தலையில் இருக்கும் மயிர்க்காலுக்குக் கிடைப்பது அலசிய பின் எஞ்சிய துளி. அதையும் ரத்த ஓட்டம் சீக்கிரமே எடுத்துச் சென்றுவிடும். உள்ளே போனது என்பது ஒரு செய்தி. போதுமான அளவில், போதுமான நேரம் இருந்தது என்பது வேறு செய்தி. அதனால் முடி கூடியது என்பது மூன்றாவது செய்தி. முதல் செய்தியைக் காட்டி மூன்றாவதை விற்க முடியாது. பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் இதைத்தான் கேட்டது. சாதாரண மனிதர் வீட்டில் பயன்படுத்தும் விதத்திலேயே இந்த ஷாம்புவைத் தலையில் தேய்த்து, ஒப்பீட்டுக் குழுவோடு முறையாக நடத்திய சோதனை எங்கே? நிறுவனம் கொடுத்த ஆய்வுகள் அதற்குப் போதவில்லை. 2018 மார்ச்சில், முடி உதிர்வைக் குறைக்க உதவும் என்ற அந்த ஆல்பெசின் விளம்பரத்துக்கு ஆணையம் தடை விதித்தது. சந்தேகம் என்பது இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கஃபீன் வேலை செய்யவே செய்யாது என்று ஆணையம் சொல்லவில்லை. நீங்கள் விற்பது எதுவோ அதைச் சோதித்துக் காட்டுங்கள் என்றது.

நம் கடைகளில் இப்போது நிறைந்திருப்பது வெங்காய ஷாம்பு. இதற்கும் ஆதாரமாகக் காட்டப்படும் ஆய்வு ஒன்று உண்டு. 2002இல் பாக்தாத்தில் நடந்தது. அந்த ஆய்வில் வெங்காயச் சாற்றைத் தடவிக்கொண்டவர்கள் 23 பேர். வெறும் குழாய்த் தண்ணீரைத் தடவியவர்கள் 15 பேர். நாளுக்கு இரண்டு முறை, இரண்டு மாதம். ஆறாவது வாரத்தில் வெங்காயக் குழுவில் 20 பேருக்கு முடி முளைத்திருந்தது. கேட்பதற்கு அசத்தலாக இருக்கிறது. ஆனால் அவர்கள் எல்லோருக்கும் இருந்த நோய் புழுவெட்டு. தலையில் வட்டவட்டமாக முடி போய்விடும் அந்த நோய்க்கு எந்தப் புழுவும் காரணமில்லை. உடலின் எதிர்ப்பாற்றலே மயிர்க்காலைத் தாக்குகிறது. சிறு வட்டங்களாக இருந்தால் பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே சரியாகிவிடும். புழுவெட்டுக்குச் சின்ன வெங்காயத்தைத் தேய்க்கும் பழக்கம் நம் வீடுகளில் வெகுகாலமாக உண்டு என்பதால் அந்த ஆய்வு எனக்குச் சுவையானது. பெரிய அளவில் மீண்டும் செய்து பார்க்க வேண்டியது. இருந்தும், தோலை எரிச்சலூட்டும் பச்சைச் சாற்றை இரண்டு மாதம் புழுவெட்டில் தடவியதற்கும், வெங்காயச் சாரம் சிறிதளவு கலந்த நுரையை எல்லோரும் தலைக்குத் தேய்த்து அலசுவதற்கும் சம்பந்தம் எதுவும் இல்லை.

மூலிகை ஷாம்புகளின் பின்னால் பெரும்பாலும் எலி இருக்கிறது. கரிசலாங்கண்ணிச் சாறு போன்றவற்றைக் கறுப்பு நிற ஆய்வக எலிகளின் முதுகில் தடவுகிறார்கள். குறிப்பிட்ட வயதில் அந்த எலிகளின் முதுகு மயிர் முழுவதும் ஒன்றாக ஓய்வுப் பருவத்தில் இருக்கும். சிரைத்துவிட்டால் தோல் இளஞ்சிவப்பாகத் தெரியும்; மயிர்க்கால்கள் விழித்துக்கொண்டால் கறுக்கும். சாறு தடவிய இடம் முன்கூட்டியே கறுத்தால் வெற்றி. இந்தச் சோதனை அளப்பது, தூங்கும் மயிர்க்கால் எவ்வளவு சீக்கிரம் எழுகிறது என்பதை. மனிதத் தலையில் 85 முதல் 90 சதவீத மயிர்க்கால்கள் எந்த நேரமும் விழித்தே இருக்கின்றன. எலியின் மயிரைப் பிடுங்கினால்கூட அடியில் புதிய வளர்ச்சி தொடங்கிவிடும்; அதை வைத்து முடியைப் பிடுங்கிக்கொள்ளுங்கள் என்று யாரும் பரிந்துரைப்பதில்லை.

இவ்வளவு இருந்தும் ஒரு கேள்வி எஞ்சும். நான் மாற்றினேன், எனக்கு நின்றதே என்று சொல்பவர்கள் ஏராளம். அவர்கள் பொய் சொல்லவில்லை. டெங்கு, டைபாய்டு, கோவிட், அறுவை சிகிச்சை, பிரசவம், பட்டினி போன்ற உணவுக் கட்டுப்பாடு, இவற்றில் எது வந்தாலும் வளர்ந்துகொண்டிருந்த மயிர்க்கால்களில் பல ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடும். ஓய்வு முடிய இரண்டு மூன்று மாதம் ஆகும். அதன் பிறகுதான் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். காய்ச்சல் அதற்குள் மறந்தே போயிருக்கும். அதனால் தண்ணீர் மேலும் பழைய ஷாம்பு மேலும் பழி விழும். கொட்டுவது உச்சத்தில் இருக்கும்போது பயந்துபோய்ப் புது ஷாம்பு வாங்குவோம். ஆனால் உச்சத்துக்குப் பின் தானாகக் குறைவதுதான் இந்த உதிர்வின் இயல்பு. பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் அடங்கிவிடும். எந்தப் புட்டியை வாங்கியிருந்தாலும் நின்றிருக்கும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். ஒரு பொருளை ஒரு பாதிப்பேருக்குக் கொடுத்து, மறுபாதிப்பேருக்கு அதே நுரையும் மணமும் உள்ள வெறும் ஷாம்புவைக் கொடுத்து, யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாமல் எண்ணிப் பார்த்தால் ஒழிய, காக்கையையும் பனம்பழத்தையும் பிரிக்க முடியாது.

தலைக்குக் குளிக்கும் நாளில் முடி அதிகம் வருவதும் இப்படி ஒரு மயக்கம். செவ்வாய், வெள்ளி மட்டும் தலைக்கு ஊற்றிக்கொள்பவருக்கு, ஏற்கெனவே கழன்று கூந்தலுக்குள் தங்கியிருந்த முடியெல்லாம் அன்று ஒன்றாக வெளியே வருகிறது. குளிக்காமல் இருந்தாலும் அவை மிஞ்சப் போவதில்லை.

முடி வளர்க்கும் பொருள் உலகத்திலேயே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. மினாக்சிடில் இருக்கிறது. முதலில் அது ரத்த அழுத்த மாத்திரை. 1979இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சாப்பிட்டவர்களுக்கு முகத்திலும் கையிலும் முடி முளைத்ததைக் கவனித்து, தலையில் தடவும் திரவமாக மாற்றினார்கள். 1988இல் அதற்கும் அனுமதி கிடைத்தது. அந்த மருந்தின் நிபந்தனைகளைப் பாருங்கள். தினம் இரண்டு வேளை தடவ வேண்டும். தடவிய பின் மணிக்கணக்கில் கழுவக் கூடாது. பலன் தெரிய நாலு மாதமாவது ஆகும். எல்லோருக்கும் பலிக்காது. நிறுத்தினால் வளர்ந்தது போய்விடும். வேண்டாத இடத்தில் முடி முளைப்பது முதலான பக்கவிளைவுகளும் உண்டு. பல மணி நேரம் தலையிலேயே தங்கி இவ்வளவு பாடுபடும் ஒரு மருந்துக்கே இதுதான் எல்லை என்றால், இரண்டு நிமிட நுரையிடம் எதை எதிர்பார்ப்பது?

ஷாம்பு வடிவத்தில் நேர்மையாகக் குறிப்பிட வேண்டியது ஒன்றே ஒன்று: பொடுகுக்கான கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பு. 1998இல் வெளியான ஒரு சிறிய பெல்ஜிய ஆய்வில், அதைப் பயன்படுத்திய ஆண்களுக்கு முடியின் அடர்த்தி கொஞ்சம் கூடியது. பொடுகால் ஏற்படும் அழற்சியைக் குறைப்பது ஒரு காரணமாக இருக்கலாம். பொடுகும் அரிப்பும் உள்ளவர் மருத்துவர் சொன்னபடி அதைப் பயன்படுத்துவது சரி. ஆனால் அது மருந்து. விளம்பர நடிகையின் கூந்தலோடு அது கடைக்கு வருவதில்லை.

இதில்தான் சட்டத்தின் தர்க்கம் புரிகிறது. உடலின் இயக்கத்தை மாற்றும் பொருள் மருந்து, மாற்றாதது அழகுப்பொருள். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 1989இல் வெளியிட்ட விதிப்படி, மேற்பூச்சாக விற்கும் எதுவும் முன் அனுமதி இல்லாமல் முடி வளர்க்கும் என்று சொல்லக் கூடாது. அப்போது ஆதாரமில்லை என்று பட்டியலிடப்பட்டவற்றில் பயோட்டின் உட்பட பி வைட்டமின்கள், அமினோ அமிலங்கள், ஜோஜோபா எண்ணெய், கோதுமை முளை எண்ணெய் எல்லாம் இருந்தன. இன்றைய புட்டிகளின் முன்பக்கத்தில் அதே பெயர்கள்தான் மின்னுகின்றன. இந்தியாவில் மருந்து விதிகளின் 'ஜே' அட்டவணை, வழுக்கையைக் குணப்படுத்துவதாகவோ புது முடி வளர்ப்பதாகவோ எந்த மருந்தும் உரிமை கொண்டாடக் கூடாது என்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தவறான விளம்பரத்தில் தோன்றும் பிரபலத்துக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. சட்டங்கள் போதுமானவை, அவற்றுக்குப் பயந்துதான் அந்த நட்சத்திரக் குறியே பிறந்தது. குறை என்னவென்றால், பொடி எழுத்தில் உண்மையைச் சொல்லிவிட்டால் பெரிய எழுத்தில் எதையும் சொல்லலாம் என்று ஆகிவிட்டது. பெரிய எழுத்துக்கும் அதே பொறுப்பு வேண்டும்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் தலைக்கு ஒத்துப்போகும், அழுக்குப் போக்கும், கைக்கு எட்டும் விலையில் உள்ள எந்த ஷாம்புவும் போதும். பிரசவமோ பெரிய காய்ச்சலோ முடிந்து சில மாதத்தில் முடி கொட்டினால் பதறாதீர்கள். நன்றாகச் சாப்பிட்டுக் காத்திருங்கள். 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருந்தது. இரும்புச்சத்துக் குறைவும் தைராய்டு கோளாறும் முடியைக் கொட்ட வைக்கும். இரண்டையும் ஒரு ரத்தப் பரிசோதனை காட்டிவிடும், இரண்டுக்கும் சிகிச்சை இருக்கிறது. ஆறு மாதம் தாண்டியும் கொட்டுவது நிற்கவில்லை, வட்டவட்டமாகப் போகிறது, வகிடு அகன்றுகொண்டே வருகிறது என்றால் தோல் மருத்துவரிடம் போங்கள். முடி போன இடத்தில் சிவப்போ வலியோ தழும்பு போன்ற பளபளப்போ தெரிந்தால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். அந்த வகை நோயில் மயிர்க்காலே அழிந்துவிடுகிறது. அழிந்த மயிர்க்காலிலிருந்து முடி திரும்ப முளைக்காது.